சுவரைத் தொடாத அலுவலகம்: கிழக்கு ஜன்னல்கள்

தொடர்ந்து படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக நாலு வரி.

என் கணவர் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் தொழில் செய்தவர். கடைசியாக அவர் எடுத்தது பழைய தந்தி அலுவலகம். இடிக்கக் கூடாது, உருவத்தை மாற்றக் கூடாது என்று அரசு பட்டியலில் போட்டு வைத்திருக்கும் கட்டடம். அதில் இந்தக் காலத்து நிறுவனம் ஒன்று கணினியும் குளிர்சாதனமுமாக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மீதியை அவருடைய தம்பியும் எங்கள் மகளும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். மகள் வரைவாள். கொழுந்தன் கட்டுவான். தொழில் தெரியாத நான் உரிமையாளர் என்று கையெழுத்துப் போடுவேன்.

போன வாரம் லிஃப்ட் ஒருவழியாக ஓடியதோடு நிறுத்தியிருந்தேன். இனி அந்த வெள்ளிக்கிழமை.

காலையில் எழுந்திருக்கும்போதே அலுப்பாக இருந்தது. அந்த மாதங்களில் நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. படுத்துக் கிடந்தேன், விடிந்தது, எழுந்தேன்.

மகள் சமையலறை வாசலில் நின்று ஒற்றைக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பூதக்கண்ணாடி இன்னைக்குக் கையெழுத்து போட்டுடுவாங்கல்லம்மா?"

பூதக்கண்ணாடி என்பது பாரம்பரியக் கட்டடத் துறையிலிருந்து வரும் மேற்பார்வை அம்மாளுக்கு எங்கள் வேலையாட்கள் வைத்த பெயர். எப்போதும் கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கும். அதை வைத்துக்கொண்டு ஆணித் துளையைக்கூட விசாரிப்பார்.

"போடுவாங்க. டீயைக் குடி."

"போடலேன்னா?"

"வாயைக் கழுவு."

போடாவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். திங்கட்கிழமை அந்த நிறுவனம் மேசை நாற்காலியோடு வந்து இறங்குகிறது. துறையின் கையெழுத்து இல்லாமல் இறங்க முடியாது. இது தள்ளிப்போனால் போவதற்கு வேறு இடம் பார்த்தும் வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய பயம், துறை ஒரு வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டால் அதன்பிறகு பட்டியலில் உள்ள எந்தக் கட்டடமும் அந்த ஆள் கைக்கு வராது. "கைவிட்டுப் போச்சுன்னா கடையைக் கட்டிட வேண்டியதுதான் அண்ணி" என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். "நான் எங்கயாவது மாசச் சம்பளத்துக்குப் போறேன். இவளும் போகட்டும்." என் கணவர் பெயரில் மிச்சமிருந்தது அந்தத் தொழில் ஒன்றுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொழுந்தன் மேல்மாடிக் கூடத்தில் குனிந்து, தரைப் பலகை ஒன்றைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கூடத்தில் எல்லா ஒயரும் தரைக்கு அடியில்தான் ஓடின. பழைய தரையின் மேல் கால்கள் வைத்து இன்னொரு தரை போட்டிருந்தார்கள். கண்ணாடி அறைகள் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தங்கள் காலில் தாமே நின்றன. குளிர்சாதனக் குழாய்கூடச் சுவரைத் தொடாது. எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனால் அடியில் பழைய கூடம் அப்படியே இருக்க வேண்டும். அதுதான் துறை வைத்த நிபந்தனை. அதுதான் என் கணவருக்குப் பிடித்த விஷயமும். "விருந்தாளி மாதிரி இருந்துட்டுப் போகணும்" என்பார்.

கொழுந்தனின் கைப்பேசி அலறியது. நிறுவனத்தின் அலுவலக மேலாளர். நல்ல மனுஷன்தான், ஆனால் உயிரை வாங்குவார்.

"சார், சுவர்ல கடிகாரம் மாட்டலாமா?"

"மாட்டக் கூடாது சார்."

"நாள்காட்டி?"

"ஆணி அடிக்காம எப்படி சார் மாட்டுவீங்க?"

"ஒட்டலாமே."

"ஒட்டக் கூடாது சார்."

"அப்போ சாஞ்சுக்கவாவது செய்யலாமா சார்?"

கொழுந்தன் போனை மூடிப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இந்த ஆளுக்குப் பதில் சொல்லியே எனக்கு முடி கொட்டிடும்" என்றான்.

"கொட்டுறதுக்கு எங்க சித்தப்பா இருக்கு?" என்றாள் மகள்.

அன்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பூதக்கண்ணாடி அம்மாள் வந்தார். ஓய்வு பெறப் போகிற வயது. மாடிப்படி ஏறிவந்து ஒரு நிமிஷம் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். "லிஃப்ட் இருக்கே மேடம்" என்று மகள் சொன்னதற்கு, "படியையும் பார்க்கணும்ல" என்றார்.

கூரை உத்தரத்தைப் பார்த்தார். சுண்ணாம்புப் பூச்சைத் தட்டிப் பார்த்தார். தரைப் பலகையைத் தூக்கச் சொல்லி, அடியில் டார்ச் அடித்துப் பழைய தரையைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கையிலிருந்த பலகைக் கணினியில் ஒரு தட்டுத் தட்டினார். நான் ஒரு ஓரமாக நின்றேன். மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

கிழக்குப் பக்கத்துக்கு வந்தார்.

அங்கே வரிசையாக ஆளுயர ஜன்னல்கள். வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும், மழை வராது. அப்படி மெல்லிய மரப்பட்டைகளைச் சாய்வாக அடுக்கிச் செய்த கதவுகள். பல பட்டைகள் உளுத்துப் போயிருந்தன. அவற்றைத்தான் என் கணவர் கடைசியாக மாற்றினார். உடம்பு முடியாமல், ஏணி ஏற முடியாமல், "உக்காந்து செய்யற வேலை ஒண்ணு இருக்கு" என்று அந்த ஜன்னல்களைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். பின்னாளில் யாரோ போட்ட ஒரு தடுப்பை எடுத்துவிடத் துறை அனுமதித்திருந்தது. அந்த மரமும் ஜன்னல் மரமும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே நிறம். அதை அறுத்துத்தான் பட்டைகள் செய்தார். நான் தினமும் மதியச் சாப்பாடு கொண்டுபோவேன்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மகள் இந்த ஜன்னலைத்தான் முதலில் காட்டுவாள். "எங்க அப்பாவோட கடைசி வேலை."

அம்மாள் கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். முதல் ஜன்னல், இரண்டாவது, மூன்றாவது. மறுபடி முதல் ஜன்னல்.

"இதுல எது புதுசு?"

"அதான் மேடம் அப்பாவோட திறமை" என்றாள் மகள், பெருமையாக.

"திறமைதான். முத்திரை எங்க?"

மகள் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள்.

முத்திரை என்றால் சின்ன இரும்புக் குச்சி. சுத்தியலால் தட்டினால் மரத்தில் வருஷமும் ஒரு அடையாளமும் பதியும். பாரம்பரியக் கட்டடத்தில் யார் எந்த மரத்தை மாற்றினாலும் ஓரத்தில் இதைக் குத்தியாக வேண்டும். ஒவ்வொரு கைக்கும் ஒரு அடையாளம். என் கணவருக்கு வட்டம், கொழுந்தனுக்கு முக்கோணம்.

"நூறு வருஷம் கழிச்சு வர்ற ஆள் இதைப் பழசுன்னு நம்பி ஏமாந்துடக் கூடாது" என்றார் அம்மாள். அதட்டவில்லை. பலமுறை சொல்லிச் சலித்த குரல். "அழகா செஞ்சு மறைக்கறதுக்குப் பேர் பழுது பார்க்கறது இல்லைங்க. உங்க வீட்டுக்காரரே எனக்கு இதைச் சொல்லியிருக்கார்."

"மறந்திருப்பார் மேடம், உடம்பு சரியில்லாம..." என்றேன்.

"இருக்கும். இப்ப எது எதுன்னு காட்டினா குத்திடலாம். காட்ட முடியலேன்னா எல்லாக் கதவையும் கழற்றி எங்க பட்டறைக்கு எடுத்துட்டுப் போகணும். ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்க்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"மாசக் கணக்கு ஆகும்."

நான் கொழுந்தனைப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டுப் போங்க மேடம்" என்றான்.

கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று புலம்பியவன், ஒரு வார்த்தை வாதாடாமல் சம்மதித்துவிடுகிறானே!

"சித்தப்பா! என்ன பேசறீங்க?" மகள் பாய்ந்தாள். "அப்பா கை வச்ச வேலையைப் பிரிச்சுப் போடுவாங்களா? எனக்குத் தெரியும் மேடம், நான் காட்டறேன். நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்." ஜன்னல் முன்னால் மண்டியிட்டாள். விரலால் தடவித் தடவி ஒரு பட்டையில் நின்றாள். "இது. இது நிச்சயமா அப்பாவோடது."

"அது பழசு" என்றான் கொழுந்தன்.

யோசிக்காமல் வந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

அம்மாள் குனிந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "ஆமா. அடியில பழைய பெயின்ட் இருக்கு." நிமிர்ந்தார். "அப்போ உங்களுக்குத் தெரியுது."

"அண்ணன் செஞ்சதைப் பார்த்திருக்கேன். கொஞ்சம் ஞாபகம் இருக்கு. அவ்வளவுதான்."

இத்தனை வருஷம் அவன் என் கையால் சாப்பிட்டவன். அவன் பொய் சொன்னால் இடது காதைத் தடவுவான். தடவினான்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் குடுங்க" என்றேன். "தம்பி, உள்ள வா."

கூடத்தின் கோடியில் கணினிகளின் தலைமை இயந்திரங்கள் வைக்கும் அறை இருக்கிறது. கண்ணாடிக் கதவைச் சாத்தினால் இயந்திரச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது. உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர். நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

"சொல்லு."

"என்ன சொல்றது அண்ணி?"

"உனக்கு ஒவ்வொண்ணும் தெரியும். ஏன் சொல்ல மாட்டேங்கறே?"

அவன் கையைப் பிசைந்தான்.

"நீதானே செஞ்சே?"

கேட்டுவிட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் இருந்ததே எனக்குத் தெரிந்தது.

"அண்ணன் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு அண்ணி. உளி நிக்கல. முதல் பட்டையை அவர்தான் ஆரம்பிச்சார். நட்டநடுவுல பிளந்துடுச்சு. சிரிச்சுட்டு என்கிட்ட குடுத்துட்டார்."

"மீதி?"

"நான்தான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. பக்கத்துல பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்குவார். 'இன்னும் கொஞ்சம் சீவு, அவசரப்படாதே'ன்னு உயிரை எடுப்பார்."

"நான் தினமும் சாப்பாடு கொண்டு வந்தேனே. அவர் கையிலதானே உளி இருக்கும்!"

"நீங்க படி ஏறற சத்தம் கேட்டதும் அவர் கையில குடுத்துடுவேன்." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "புள்ளை வந்தாலும் அப்படித்தான். ரெண்டு இழுப்பு இழுக்கற மாதிரி பாவனை பண்ணுவார். அவ போனதும் கீழ வச்சிடுவார்."

அந்த நாட்களில் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவருடைய தலையெல்லாம் மரத்தூளாக இருக்கும். நான் துண்டால் தட்டிவிட்டுக்கொண்டே திட்டுவேன். உடம்பு இருக்கிற இருப்புக்கு இப்படி உழைக்க வேண்டுமா, தம்பி ஒருத்தன் எதற்கு இருக்கிறான் என்றெல்லாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அதைக் கொழுந்தனிடம் சொன்னேன்.

"கிளம்பறதுக்கு முன்னாடி கீழ கிடக்கறதை அள்ளிப் போட்டுக்குவார் அண்ணி. நான் வேணாம்னு சொன்னேன். 'சும்மா இருடா, அவகிட்டத் திட்டு வாங்கணும்'னார்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபப்படவும் ஆள் இல்லை. எதிரில் இருந்தவன் மேல் கோபப்பட மனசு வரவில்லை. அந்தக் குளிரில் பல் கிட்டியது.

"முத்திரையை ஏன் குத்தல?"

"எதைக் குத்தறது? வட்டத்தைக் குத்தினா பொய். நான் செஞ்ச வேலையில அண்ணன் அடையாளத்தை வைக்க எனக்குக் கை வரல. என்னோடதைக் குத்தினா நீங்க பார்ப்பீங்க, புள்ளை பார்க்கும். சரி அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள அவர் போயிட்டார்."

"அதுக்காக எல்லாத்தையும் கழற்றிக்கிட்டுப் போகச் சொல்லுவியா? தொழில் போயிடும்டா."

"போகட்டும் அண்ணி. அப்பா செஞ்சதுங்கற நெனப்பு, அவளுக்கு அது ஒண்ணுதானே மிச்சம்."

கண்ணாடிக்கு அப்பால் மகள் தெரிந்தாள். ஜன்னல் முன்னால் இன்னும் மண்டியிட்டபடி பட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"போய்க் காட்டு" என்றேன். "எது எதுன்னு மட்டும் காட்டு. அண்ணன் செய்யும்போது பார்த்தேன்னு சொல்லிக்கோ."

அவன் வெளியே போய்ச் சாக்கட்டியை எடுத்தான். ஜன்னல் ஜன்னலாகப் போனான். தயக்கமே இல்லை. ஒரு பட்டையில் கோடு, இரண்டைத் தாண்டி இன்னொரு கோடு. அம்மாள் பின்னாலேயே கண்ணாடியோடு போனார். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். மகளின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. "சித்தப்பா, இவ்வளவு ஞாபகம் வச்சுக்கிட்டு ஏன் பிகு பண்ணினீங்க?" என்று அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். கைப்பேசியை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள்.

"சரி, குத்துங்க. நான் பார்த்துட்டுக் கையெழுத்து போடறேன்" என்றார் அம்மாள்.

கொழுந்தன் தோல்பையைத் திறந்தான். இரண்டு முத்திரைகளும் உள்ளே இருந்தன. வட்டத்தை எடுத்தான். எடுத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"செஞ்சவங்களோட அடையாளமா இருக்கணும்" என்றார் அம்மாள், யாரையும் பார்க்காமல். "மத்த எதையும் நான் கேக்கப் போறதில்லை."

அவருக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"குத்துங்க சித்தப்பா. அப்பாவோடதுதானே, என்ன யோசனை?" மகள் கைப்பேசியைக் கிட்டக் கொண்டுபோனாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வட்டம் பதியும். கையெழுத்து கிடைக்கும். திங்கட்கிழமை நாற்காலிகள் வரும். மகள் ஆயுசு முழுக்க அந்த ஜன்னலைக் காட்டிக்கொண்டிருப்பாள். என் கணவரும் அதைத்தான் விரும்பினார். ஆனால் கொழுந்தனின் கையைப் பார்த்தேன். வட்டத்தை மரத்தில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது அந்தக் கை. இதையும் இவன் தலையில் கட்டி, காலம் முழுக்கச் சுமக்க வைக்க எனக்குத் தெம்பில்லை. நான் ரொம்பக் களைத்துப் போயிருந்தேன். பெரிய நியாய உணர்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"தம்பி, உன்னோடதைக் குத்து" என்றேன்.

"அண்ணி..."

"என்னம்மா சொல்றே?" என்றாள் மகள்.

"சித்தப்பாதான் செஞ்சார். அப்பாவுக்குக் கை வரல. பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுத்தார்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். கைப்பேசியை மெதுவாக இறக்கினாள். வீடியோவை நிறுத்தத் தோன்றவில்லை, அது தரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

கொழுந்தன் முக்கோணத்தை எடுத்து முதல் பட்டையில் வைத்துத் தட்டினான். சின்னச் சத்தம்தான். மகள் திரும்பிப் படியை நோக்கி நடந்தாள்.

வரிசை முடிந்ததும் அம்மாள் கடைசி ஜன்னலில் ஒருமுறை கண்ணாடி வைத்துப் பார்த்தார். பலகைக் கணினியில் விரலால் கையெழுத்திட்டார். எனக்கும் நீட்டினார். உரிமையாளர் என்ற இடத்தில் நானும் போட்டேன். அவ்வளவுதான். இத்தனை மாதம் காத்திருந்த விஷயம் தும்மல் போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

"நல்ல வேலை" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அவன் முத்திரைகளைத் தோல்பைக்குள் போட்டான்.

மகள் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு யாரோ கத்திக் கத்தி வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கையெழுத்து போட்டுட்டாங்க" என்றேன்.

"ம்."

"அப்பா சொல்லித்தான்டி சித்தப்பா மறைச்சார்."

"என்னைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நாடகம் ஆடியிருக்காங்க. எனக்கென்ன அஞ்சு வயசா?" குரல் உடையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கை வரலேன்னு சொல்லியிருந்தா நான் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்திருப்பேனேம்மா. அதை விட்டுட்டு உளியைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

அவள் முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை, சாயவும் இல்லை.

"அப்போ அப்பாவோட கடைசி வேலை எதும்மா?"

யோசித்துப் பார்த்தேன். இந்தக் கட்டடத்திலா, இதற்கு முந்தியதிலா, எந்தச் சுவரில், எந்தக் கதவில்? எனக்குத் தெரியவில்லை.

"சித்தப்பாவைத்தான் கேக்கணும்" என்றேன்.

"அவர்கிட்ட நான் பேச மாட்டேன்."

எழுந்தாள். பின்பக்க மண்ணைத் தட்டிக்கொண்டாள். லாரியைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

தொழில் பிழைத்துவிட்டது. இனி அதை நடத்த வேண்டியவர்கள் அவளும் அவள் சித்தப்பாவும்தான்.